கியர் பாக்ஸில் ஒரு பூவரசு

அநியாயம் நடந்தது செங்கமலம் அக்காவுக்கு. செய்தவர் கொத்தங்கரை கார் ஸ்டாண்டின் தலைவர் வைரக்கண்ணு. செய்த விதம், தான் வருஷக்கணக்காக ஓட்டித் தேய்த்த பழைய காரை அவளுக்கு விற்பதற்கு முன்னால், அதன் கியர் பாக்ஸுக்குள் மரத்தூளைக் கொட்டி மூடியது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் மரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள், மரத்திலிருந்து தொடங்கினால் கேட்கிறவர்கள் பூ என்ன நிறம், காய் பிடித்ததா என்றெல்லாம் விசாரிக்கிறார்களே தவிர, அந்தப் பொம்பளைக்கு என்ன நியாயம் கிடைத்தது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

மரத்தூள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. பல் தேய்ந்த கியர் பாக்ஸ் ஓடும்போது ஊளையிடும். சலித்த மரத்தூளை உள்ளே இருக்கும் ஆயிலோடு கலந்துவிட்டால் அது ஊறிக் கூழாகி, தேய்ந்த பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே போய் மெத்தை போல உட்கார்ந்துகொள்ளும்; ஊளை நின்றுவிடும்; வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர் ‘அடடா, கியர் வெண்ணெய் மாதிரி விழுதே’ என்று சொல்லி அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் கூழ் அரைபட்டு அடியில் தங்கிவிடும், அப்புறம் வண்டி முன்னைவிட மோசமாக ஊளையிடும், அதற்குள் விற்றவர் வேறு வண்டி வாங்கியிருப்பார்.

வைரக்கண்ணு அந்தக் காரை எப்படி ஓட்டினார் என்பது ஊருக்கே தெரியும். ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போதெல்லாம் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது, கீழே வந்ததும் கிளட்சைப் பாதி மிதித்து செகண்ட் கியரை அடித்துத் திணிப்பது, கியர் ஆயில் மாற்றுவதை ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடுவது, செகண்ட் கியர் எகிறி விழ ஆரம்பித்ததும் இடது முழங்காலால் கியர் கம்பியை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓட்டுவது, அதையும் ஒரு வித்தை போலப் பயணிகளுக்குக் காட்டுவது. அந்தக் காரைத்தான், முதுகெலும்பு நழுவிப் படுத்துவிட்ட டிரைவர் தட்சிணாமூர்த்தியின் மனைவி செங்கமலம் அக்கா, கழுத்தில் கிடந்ததில் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்து வாங்கினாள். புருஷனிடமே ஆற்றுத் திடலில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் எங்கள் ஸ்டாண்டில் காரோட்ட வந்த முதல் பெண்.

ஊளை திரும்பி வந்ததும் அவள் ஹாஜா மெக்கானிக்கைக் கூட்டிவந்து, ஸ்டாண்டு நடுவிலேயே, எல்லோரும் பார்க்க, கியர் பாக்ஸின் அடித்திருகைக் கழற்றச் சொன்னாள். ஆயில் வந்தது. ஆயிலோடு கேப்பைக் களி போல ஏதோ வந்தது.

“என்னா பாய் இது?”

“ஆயிலு.”

“ஆயிலு தெரியுது. அதுல கெடக்குறது?”

ஹாஜா பாய் ஸ்டாண்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கே நின்ற அத்தனை வண்டியும் அவர் கடைக்குத்தான் வருகிறது. “மரத்தூள் மாதிரியும் இருக்கு தங்கச்சி,” என்றார், “இல்லாத மாதிரியும் இருக்கு.”

“அண்ணே, மரத்தூள் போட்டீங்களா இல்லியா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க,” என்று அக்கா வைரக்கண்ணுவிடம் திரும்பினாள்.

“ஏம்மா, வண்டி இத்தன நாளும் எங்க நின்னுச்சு? ஒன் வீட்டு வாசல்ல. எவன் வேணும்னாலும் போட்டிருக்கலாம். நீயே போட்டுட்டு எம்மேல பழியத் தூக்கி வெச்சாலும் வெக்கலாம்.”

“என் சோத்துல நானே ஏண்ணே மண்ண அள்ளிப் போட்டுக்குறேன்?”

“மண்ணுங்குற, மரத்தூளுங்குற. மொதல்ல எதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டு வா.”

ஸ்டாண்டே சிரித்தது. பிறகு அன்று மாலையே கூடி ஒரு தீர்ப்புச் சொன்னது. உள்ளே தூள் இருப்பது உண்மை, போட்டது யார் என்பது யாருக்கும் தெரியாது; ஆகவே வைரக்கண்ணு தன் வாயால் ‘நான்தான் போட்டேன்’ என்று ஒத்துக்கொண்டால் கியர் பாக்ஸை இறக்கி, பல்சக்கரம், பேரிங் எல்லாம் புதுசாகப் போட்டுத் தருவது அவர் பொறுப்பு; ஒத்துக்கொள்ளாத பட்சத்தில் தலைவர் மேல் அபாண்டம் சொன்னதற்குச் செங்கமலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிற வரைக்கும் அவள் வண்டிக்கு ஸ்டாண்டில் முறை கிடையாது. முறை என்பது வரிசை. முன்னால் நிற்கிற வண்டிக்கு முதல் சவாரி, போய் வந்தால் கடைசியில் நிற்க வேண்டும். முறை இல்லாத கார் எங்கள் ஊரில் பூட்டிய கடை மாதிரி. குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துக்கொண்டால்தான் குற்றம், இல்லையென்றால் புகார் கொடுத்தவள் குற்றவாளி என்கிற இந்தச் சட்டத்தை நான் பல்கலைக்கழக நூலகம் முழுக்கத் தேடிவிட்டேன், எந்த நாட்டிலும் இல்லை.

“ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லிட்டு மொறய வாங்கிட்டு வந்துடேன்டி,” என்று தட்சிணாமூர்த்தி கட்டிலில் படுத்தபடி சொன்னார்.

“போட்ட ஆளு போடலங்குறாரு. போடாதவ போய் தப்புன்னு கும்பிடணுமா? நல்லாருக்கே ஒங்க ஸ்டாண்டு.”

அப்படியாக அவள் மீன் மார்க்கெட்டு வாசலில், வெயிலில், தனியாக நிறுத்தத் தொடங்கினாள். ஊளைச் சத்தத்துக்குப் பயந்து பாதிப் பேர் ஏற மாட்டார்கள். மீன் கூடைக்காரிகள் ஏறுவார்கள், நாங்கள் சில மாணவிகள் ஏறுவோம். எனக்கு வாய்மொழித் தேர்வு இருந்த அன்று காலையில் நானும் இரண்டு தோழிகளும் அந்தக் காரில்தான் போனோம், பாலத்தைத் தாண்டி அக்கரையில் மேலங்காடு வளைவில் செகண்டிலிருந்து தேர்டுக்கு மாற்றும்போது, கியர் கம்பி கழுத்தோடு முறிந்து அக்காவின் கையோடு வந்துவிட்டது. அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், “பயப்படாதீங்க பாப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கி, பக்கத்து வேலியில் ஒரு பூவரசங் கொம்பை ஒடித்தாள்.

“யாரது, வேலியில கை வெக்கிறது?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. செங்கல் சூளை வைத்திருக்கும் சிங்காரவேலு.

“ஒரே ஒரு கொம்புங்க. வண்டி நின்னுபோச்சு.”

“கொம்புதான? எடுத்துட்டுப் போ, அது கெடக்கு சனியன், வெட்ட வெட்டத் துளிர்க்குது.”

கொம்பின் அடியைக் கத்தியால் குடைந்து, முறிந்த கம்பியின் மிச்சத்தின் மேல் செருகி, சைக்கிள் டியூப் கிழிசலால் இறுகக் கட்டினாள். நான் தேர்வுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் அந்தக் கொம்பில் இரண்டு இலை விட்டிருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பூவரசு அப்படித்தான், வேலிக்கு ஊன்றினாலே துளிர்க்கும், காருக்கு ஊன்றினால் மட்டும் துளிர்க்காதா என்றார்கள் மார்க்கெட்டில். ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு: ஊளை நின்றுபோயிருந்தது. வேர் கியர் பாக்ஸுக்குள் இறங்கி, அடியில் மக்கிக் கிடந்த தூளைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தேய்ந்த பற்களுக்கு நடுவே நரம்பு நரம்பாகப் படர்ந்து, எகிறி விழுந்துகொண்டிருந்த செகண்ட் கியரைக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொள்வது போல இடுக்கிக்கொண்டது என்று, படுத்துக்கிடந்து அடியில் பார்த்த ஹாஜா பாய் சொன்னார், சொல்லிவிட்டு, இதற்கு இனிமேல் வெறும் கியர் ஆயில் ஒத்துக்காது, அரிசி கழுவின தண்ணியும் ஒரு கை புண்ணாக்கும் சேர்த்து ஊற்று தங்கச்சி என்று, பேரிங் மாற்றச் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மாசம் ஒன்று போவதற்குள் மரம் கூரையைத் தொட்டது, கூரைத் தகரத்தில் ஒரு வட்டம் வெட்டி வெளியே விட்டார்கள், வெளியே வந்ததும் அது குடை போல விரிந்தது, காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் செந்நிறமாக வாடுகிற அந்தப் பூவைப் பார்த்து மார்க்கெட்டில் கடை கட்டுகிற நேரத்தைத் தெரிந்துகொண்டார்கள், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டு கார் பின்னாலேயே ஓடினார்கள், பெண்கள் வந்து கொழுக்கட்டை அவிக்க இலை பறித்துப் போனார்கள், கொழுக்கட்டையில் லேசாக கியர் ஆயில் வாசனை அடித்தது, அடித்தாலும் வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிட்டார்கள், உடனே மூட்டு வலிக்கு நல்லது என்றும் கண்டுபிடித்தார்கள்.

அரசாங்கமும் வந்தது. வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கார் ஓடும்போது டிரைவர் பார்வையை மறைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, காருக்குள் மரம் இருக்கக் கூடாது என்று விதி இல்லை, ஆகவே கண்ணாடி மட்டத்துக்கு இந்தப் பக்கம் வருகிற கிளையை மட்டும் கழித்துவிடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகைக் குழாயில் குழலைச் செருகிச் சோதித்தால், மெஷினில் விழுந்த அளவு, சோதனை போட்ட கொட்டகையின் காற்றைவிடச் சுத்தமாக இருந்தது. மெஷின்தான் பழுது என்று சொல்லி மெஷினை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, வண்டி அக்கா வீட்டில் நிற்கும்போது இது பட்டா நிலத்து மரம், மார்க்கெட்டு வாசலில் நிற்கும்போது புறம்போக்கு மரம், ஓடும்போது என்ன மரம் என்பதற்குத் தாசில்தாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன் என்றார்.

அக்காவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. “எனக்கு எதுக்கு பாப்பா மரம்? கியர் பாக்ஸ்தான் கேட்டேன்,” என்று என்னிடம் சொன்னாள். மரத்துக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. காற்றடித்தால் டாப் கியருக்குப் போகும், அடிக்காவிட்டால் தேர்டிலேயே கிடக்கும். காலையில் கிழக்கே போகிற சவாரி என்றால் கிளட்சை மிதிப்பதற்கு முன்பே கியர் விழும், மேற்கே போக வேண்டுமென்றால் கெஞ்ச வேண்டும். உச்சி வெயிலில் நிழலுள்ள இடமாகப் பார்த்து நியூட்ரலுக்கு வந்துவிடும். ரிவர்ஸில் மட்டும் குறை சொல்ல முடியாது, ஆனால் பின்னாலேயே போய் எவ்வளவு சம்பாதிக்க முடியும்? அதைவிடக் கொடுமை, ஜனங்கள் வண்டிக்குக் கற்பூரம் காட்ட ஆரம்பித்த பிறகு சவாரியே நின்றுபோனது. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த கூடைக்காரி, “இதுலயா கவுச்சிய ஏத்துறது, சாமி குத்தமாயிடும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனாள். பார்க்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் ஏறினாலும் அவள் குடும்பம் பிழைத்திருக்கும். ஒருவரும் ஏறவில்லை, எல்லோரும் சுற்றி வந்தார்கள்.

சரி, சாமி வண்டிக்காவது ஸ்டாண்டில் முறை கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. அபாண்ட வழக்கு நிலுவையில் இருக்கிறது, தலைவர் தன் வாயால் ஒத்துக்கொள்ளவும் இல்லை, இவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை என்றார்கள். காலையில் வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போகிற அதே டிரைவர்கள், ஒன்பது மணிக்கு ஸ்டாண்டு வாசலில் அந்த வண்டியை மறித்து, “மன்னிப்புக் கேட்டுட்டியாக்கா?” என்று கேட்டார்கள். நான் ஒரு நாள் போய்ச் சண்டை பிடித்தேன். கும்பிடுகிற வண்டியை வரிசையில் விடாதது என்ன பக்தி என்று கேட்டேன்.

“காலேஜு, பக்தி வேற, மொற வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத,” என்றார் வைரக்கண்ணு.

“குழப்பினது யாரு? ஆயிலையும் தூளையும் போட்டுக் குழப்பினது யாரு?”

“பாத்தியா, பாத்தியா, பேசிப் பேசி எங்க கொண்டு நிறுத்துறா பாரு! நல்லாப் படிக்க வெக்கிறாங்கய்யா.”

இதற்கிடையில் மற்ற டிரைவர்களுக்கும் ஆசை வந்தது. ஊளைக்குச் செலவில்லாத வைத்தியம், கூடவே கற்பூரம், யாருக்குத்தான் ஆசை வராது? நல்ல கம்பியை அறுத்தெறிந்துவிட்டு ஆளாளுக்குப் பூவரசங் கொம்பு ஊன்றினார்கள், சிலர் செங்கமலம் அக்கா மரத்திலிருந்தே போத்து வெட்டிக்கொண்டு போனார்கள், கழுநீர் ஊற்றினார்கள், புண்ணாக்கு ஊற்றினார்கள், ஒருவர் முட்டை உடைத்து ஊற்றினார். எல்லாக் கொம்பும் பட்டுப்போயிற்று. கொம்பை வெளியே எடுத்து, பழையபடி கம்பியை ஒட்டவைக்க ஹாஜா பாய் கடையில் வரிசை நின்றது. ஏன் அந்த வண்டியில் மட்டும் வேர் பிடித்தது என்று ஊர் யோசித்தது. மாரியம்மன் கருணை என்று ஒரு கட்சி. தட்சிணாமூர்த்தி செய்த புண்ணியம் என்று இன்னொரு கட்சி. புண்ணியக் கட்சிக்காரர்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து பொன்னாடை போர்த்தினார்கள். “நான் இந்த வண்டியில இன்னும் ஏறவே இல்லீங்க, படுத்துத்தான் கெடந்தேன்,” என்று அவர் உள்ளதைச் சொன்னார், என்ன அடக்கம் பாருங்கள் என்று கைதட்டினார்கள். உடைந்த கம்பிக்கு மேல் கொம்பைக் குடைந்து செருகியவள் கூட்டத்துக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளால் என்று சொல்ல ஒரு கட்சியும் இல்லை. நான் ஒருத்தி சொன்னேன், அது கட்சியில் சேராது.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டாண்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: மரம் ஊர்ப் பொது, பூஜை அன்று வண்டியை ஸ்டாண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, டயரைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி போட்டு, உண்டியல் வைக்க வேண்டியது. வண்டிக்காரியைக் கேட்கவில்லை. அவளே போய்க் கேட்டதற்கு, “ஒனக்குப் பெருமதானம்மா, வெளக்கு ஏத்துற வேல ஒனக்கே” என்றார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். “மொறதான் தரல, இப்ப வண்டியவும் கேக்குறாங்க பாப்பா. அது ஓடுற வண்டி,” என்றாள். மன்னிப்புக் கேட்டுவிடுகிறாயா என்று என் அம்மா கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், பக்கவாட்டில்.

பூஜை அன்று ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று, சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். நடுவில், மார்க்கெட்டு வாசலிலிருந்து டிரைவர்கள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய செங்கமலம் அக்காவின் கார், தலையில் மஞ்சள் பூவோடு, டிரைவர் சீட்டில் அக்கா. இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. வேலிக் கம்பிகளைச் சுற்றிலும் சாய்த்து வைத்துவிட்டு, அவள் இறங்கட்டும் என்று வெல்டிங்காரர் காத்திருந்தார். முதலில் போர்டு எழுதிவிடலாம் என்றார் வைரக்கண்ணு. பெயின்டர் ஏகாம்பரம் தகரப் பலகையில் ‘அதிசயப் பூவரசு’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே ‘உபயம்’ என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, தூரிகையைத் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

உபயம் என்பது எங்கள் ஊரில் சாதாரண விஷயமில்லை. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் பேர் எழுதியிருக்கும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் அப்பா, மகன், மருமகன் என்று எழுதியிருக்கும், சுற்றும்போது யார் பேரும் தெரியாது என்பதற்காக அதைப் போடாமலே வைத்திருப்பார்கள். பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்கிற இடம் முழுக்க எழுத்து, ஊரில் பாதிப் பேர் முதுகில் யாராவது ஒரு பெரிய மனிதர் பேரைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். மரத்துக்கு உபயம் யார்? ஊர் ஏகாம்பரத்தின் தூரிகையையே பார்த்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். ஒடிந்த கம்பியில் கொம்பைச் செருகியவர் ஒருவர் இருக்கிறார், நான் கண்ணால் கண்ட சாட்சி, அவர் பேரைத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டு வண்டியையும் முறையையும் அவரிடம் கொடுக்க வேண்டும் என்று, மூன்று காரணங்களோடும் இரண்டு உதாரணங்களோடும் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். கைதட்டி முடித்துவிட்டு, “அடுத்து யாரும்மா பேசுறது?” என்றார்கள்.

அடுத்து வந்தவர் அக்கரைச் சிங்காரவேலு. வெள்ளை வேட்டி, சந்தனம், கூடவே சூளையாட்கள் ஒரு லாரி நிறைய. “கொம்பு என் வேலிக் கொம்பு,” என்றார். “கேட்டுத்தான் எடுத்துச்சு அந்தப் பொண்ணு. நான் மனசார, எடுத்துட்டுப் போம்மான்னு குடுத்தேன். கேட்டுப் பாருங்க.”

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். “ஆமா, அவுரு குடுத்ததுதான்,” என்றாள் அக்கா, உள்ளே உட்கார்ந்தபடியே. “நல்ல மனுசன். ஒரு வார்த்த மறுக்கல.”

“அப்புறமென்ன? எழுதுப்பா,” என்றார் சிங்காரவேலு. “மேலங்காடு, செங்கல் சூளை அதிபர்னு மறக்காமப் போடு.”

கொடுத்தவர்தானே உபயதாரர், நியாயம்தானே என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஏகாம்பரம் குனிந்து ‘சி’ என்று எழுதினார். அக்கரைப் பேர், எங்கள் ஸ்டாண்டில், வைரக்கண்ணுவின் கண் எதிரில், நல்ல ரத்தச் சிவப்புப் பெயின்டில். ‘ங்’ என்று அடுத்த எழுத்துக்குத் தூரிகை போனபோது வைரக்கண்ணு அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

“கொம்பாய்யா பெருசு? கொம்பு எவன் வேலியிலதான் இல்ல? இதே கொம்ப எங்க பயலுவ எத்தன வண்டியில ஊனினாங்க, ஒண்ணு தழைஞ்சுதா? எல்லாம் பட்டுப்போச்சுல்ல? ஏன் போச்சு, அதச் சொல்லு!”

“நீதான் சொல்லேன்,” என்றார் சிங்காரவேலு.

“வேர் பிடிக்கக் கொம்பு போதாதுய்யா, உள்ள எரு வேணும். மத்த வண்டியில என்னா இருந்துச்சு? வெறும் ஆயிலு. இந்த வண்டியில...” என்று அவர் நிறுத்தினார். கொட்டு மேளக்காரர்கூடக் கையைத் தூக்கியபடி நின்றார். ஹாஜா பாய் மெதுவாகக் கூட்டத்தின் பின்பக்கமாக நகர்ந்தார். ஏகாம்பரத்தின் தூரிகையிலிருந்து பெயின்டு சொட்டியது.

செங்கமலம் அக்கா அப்போதுதான் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சேலையில் ஒட்டியிருந்த மஞ்சள் பூ ஒன்றைத் தட்டிவிட்டு, நேராக அவர் முன்னால் வந்து நின்று, இத்தனை மாசமாகக் கேட்ட அதே கேள்வியை, இந்தத் தடவை கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையோடு கேட்கிறவள் போலக் கேட்டாள்.

“இந்த வண்டியில என்னண்ணே இருந்துச்சு? யாரு போட்டது?”

“மரத்தூளு!” என்றார் வைரக்கண்ணு, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அக்கரைக்கும் கேட்கிற மாதிரி. “சும்மா அள்ளிக் கொட்டுன தூளுன்னு நெனச்சியா? மரவாடியில நின்னு, பூவரசத் தூளாப் பாத்து, சல்லடையில சலிச்சு, விக்கிறதுக்கு மொத நாளு மேல்மூடியக் கழட்டி, கொள்ற மட்டும் அமுக்கி, இந்த ரெண்டு கையாலயும் நான்தாம்மா போட்டேன், வேற எவனும் போடல, எழுதுப்பா என் பேர.”